உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்

16.10.2007, செவ்வாய்

பெருநாள் விடுமுறை முடிந்து எங்கள் போட்டோகொப்பி, இன்டர்நெட் கடை இன்றுதான் திறந்தது. ஸல்மா எனக்கென்று ஒரு கிண்ணம் வட்டிலப்பம் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். விரலெல்லாம் பிசுபிசு. அந்தக் கையோடுதான் தோட்டத்து லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று மனேஜர் துரைக்கு ஒரு முறைப்பாடு அடித்தேன். இதுவரை நான் அடித்ததிலேயே இனிப்பான முறைப்பாடு.

மத்தியானம் அலவி நானா கூப்பிட்டார். கடை அவருடையது, ஸல்மா அவர் தங்கச்சி. கணக்கு வாத்தியார் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தை மாசத்துல இருந்து நான் பதுளையில புதுக் கடையப் பாக்கப் போறேன் புள்ள. பசறைக் கடைக்கு ஒரு பொறுப்பாளர் வேணும். ஒன்னத்தான் நெனச்சீக்கிறேன். ஒங்கட அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

பொறுப்பாளர்! நான்! ஆறு வருடமாக ஊராருடைய விண்ணப்பங்களில் எல்லாம் அந்தச் சொல்லை அடித்திருக்கிறேன். என் பெயருக்குக் கீழே ஒரு தடவைகூட அடித்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு, நமுனுகுல வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

17.10.2007

அப்பாவிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார்.

ரெங்கசாமி கங்காணியின் அகராதியில் 'பாப்போம்' என்றால் பயம். அவர் கீழே அம்மாவையும் சேர்த்து நாற்பது பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். மலையில் அவர் குரல் கொடுத்தால் மேட்டு லயம் வரை கேட்கும். வீட்டில் மகள் விஷயத்தில் மட்டும் 'பாப்போம்'.

"கட கண்ணின்னா நாலு பேரு வருவான். எம் பேரு கெடாம இருந்தா சரி."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஒங்க பேரு என்ன உப்புக்கட்டியா, தொட்டதும் கரையுறதுக்கு?" என்றாள். அவர் பேச்சை மாற்றி, புதிதாக வந்திருக்கும் கணக்கப்பிள்ளையைப் புகழ ஆரம்பித்தார். துஷாந்த் என்று பெயராம். உயர்தரம் படித்த பையன். "பொம்பளைங்க முன்னால தல நிமிராது. அந்த மாதிரி இருக்கணும்."

19.10.2007

கடைக்கென்று ஒரே ஒரு ஈமெயில் முகவரிதான். குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் அதற்குத்தான் எழுதுகிறார்கள். மேலே 'இன்னாருக்கு' என்று போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தாய்மார் வந்து பெஞ்சில் உட்கார, நான் சத்தமாகப் படிப்பேன். ஒருத்தி மகளின் கடிதத்துக்கு ஏழு பேர் அழுவார்கள். ஏழு பேரும் பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அடித்துக் கீழே 'விஜி எழுதியது' என்று போட்டு அனுப்புவேன். கடையிலிருந்து போகிற எல்லாப் பதிலுக்கும் கீழே அந்த வரி இருக்கும்.

அதைப் பார்த்துவிட்டு முகவரியே என்னுடையது என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. மூன்று வாரமாக 'நீலமலை' என்ற பெயரில் எழுதுகிறார். முதலில் தமிழில் விண்ணப்பம் அடிப்பீர்களா என்று கேட்டார். இப்போது சாப்பிட்டாச்சா, மழையா என்று கேட்கிறார். எல்லா வாடிக்கையாளருக்கும் போலவே 'வணக்கம் ஐயா, நலம்' என்று பதில் போடுகிறேன். ஸல்மா ஒரு சிரிப்பு முகம் போடக் கற்றுக்கொடுத்தாள். அதையும் போட்டேன்.

21.10.2007, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

பெஞ்சில் ஏழு பேர். முன்னால் இராக்கம்மா பெரியம்மா. குவைத்தில் இருக்கும் மகள் ஜெயலெட்சுமி புதுக் கவுன் போட்டு ஒரு படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் ஒரு படம் வந்திருந்தது. அனுப்பியவர் பெயரை நான் பார்க்கவில்லை. ஜெயா யார் யாருடைய முகவரியில் இருந்தெல்லாமோ அனுப்புகிறவள்தானே. திறந்தேன்.

எங்கள் இன்டர்நெட் டெலிபோன் வயரில் வருகிறது. படம் மேலேயிருந்து கீழே விரற்கடை விரற்கடையாகத்தான் இறங்கும். முதலில் மஞ்சள் சுவர் வந்தது.

"ஜெயா வேல செய்யிற வீடா? நல்லா பெயின்ட் அடிச்சிருக்காங்க."

அப்புறம் ஆணியில் ஒரு துண்டு. "துண்டு நம்ம பசறை துண்டு மாதிரியில்ல இருக்கு?" அப்புறம் ஒரு கழுத்து. "தல எங்கடி?" அப்புறம் நெஞ்சு, நெஞ்சில் முடி. பெரியம்மா நன்றாகக் குனிந்து பார்த்து, தெளிவாக, "இது எம் மவ இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவே நேரமாயிற்று. மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், படம் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஸல்மாதான் பாய்ந்து வந்து போட்டோகொப்பி மெஷினை மூடும் துணியை மொனிட்டர்மேல் போட்டாள். அதற்குள் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிவிட்டது.

பிறகு பெரியம்மா சொன்னாள்: "பாவம், இந்தக் குளிருல."

பெஞ்சே ஆடிப்போகும்படி சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்ததால். பின்னால் போய் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். வந்து படத்தை அழித்தேன்.

அனுப்பியது நீலமலை.

22.10.2007

எனக்கு எதுக்கு? நான் என்ன செஞ்சேன்? அவன் அனுப்பின எல்லாத்தையும், நான் போட்ட பதில் எல்லாத்தையும் இன்னைக்கு ஒண்ணு விடாமப் படிச்சேன். நலம், நலம், நலம். ரெண்டு எடத்துல சிரிப்பு முகம். அந்த ரெண்டாலயா?

பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு ஆம்பிளையையும் இவனா, இவனா என்று பார்க்கிறேன். சீ. நான் ஏன் பார்க்க வேண்டும்?

23.10.2007

இன்று ஒரு வரி மட்டும் வந்திருந்தது: 'பார்த்தீங்களா? பிடிச்சிருக்கா?'

ஸல்மாவிடம் காட்டினேன். "பரீட்சை ரிசல்ட் கேட்கிறான் புள்ள! ஏ சித்தியா, பீ சித்தியா?"

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக உண்மையிலேயே சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டு, தவறான கடைக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போனார்.

25.10.2007

ஏன் அனுப்புகிறார்கள்? இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேரிடம் கேட்டேன்.

அலவி நானா கூரையைப் பார்த்துக்கொண்டு, காது சிவக்கப் பதில் சொன்னார்: "தூண்டில் போடுற மாதிரித்தான். நூறு பேருக்கு அனுப்புவான், ஒண்ணாவது கடிக்காதான்னு." சொல்லிவிட்டு, "இந்தப் பேச்சு வெளியில போனா கடைக்கு நல்லமில்ல. பொறுப்புக்கு ஆம்பிளப் புள்ள ஒண்ணப் போட்டா என்னன்னும் யோசிக்கிறேன், ஒன்ட நல்லதுக்குத்தான்" என்றார்.

என் நல்லதுக்காம். அவன் சட்டையைக் கழற்றினால் என் வேலை போகிறது. நல்ல நியாயம்!

ஸல்மா அவரை விடவில்லை. "படம் அனுப்பினது ஆம்பிள. அதுக்கு இங்க இன்னொரு ஆம்பிளயா?" என்றாள். நானா கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

தூண்டில் கதை எனக்குச் சரியாகப் படவில்லை. மீன் பிடிக்கிறவன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். மீனிடம் பிடிச்சிருக்கா என்று கேட்க மாட்டான். ஸல்மா, பஸ்ஸில் உரசுகிறவன்களும் இதே சாதிதான், நாம் திடுக்கிடுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு ருசி என்கிறாள். இருக்கலாம். ஆனால் பஸ்ஸில் உரசுகிறவனுக்கு ஒரு கன்னம் இருக்கிறது, அறையலாம். இவன் கன்னத்தை அனுப்பவில்லையே.

26.10.2007

இதை ஸல்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பதினாறு வயதில் வவுனியாவில் ஒரு பேனா நண்பனுக்கு நானும் ஒரு படம் அனுப்பினேன். அவன் கேட்கவில்லை. நானாகத்தான். அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய ஒன்று, இரட்டைச் சடை, பயந்த கண். தபாலில் போட்டுவிட்டு ஐந்து வாரம் தபால்காரரை வழியிலேயே மறித்தேன். பதிலே வரவில்லை.

ஆகவே அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. யாராவது பார்க்க மாட்டார்களா, பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்கிற தவிப்பு. அதே தவிப்புத்தானா இவனுக்கும்? அப்படியென்றால் நான் ஏன் மூன்று தடவை கை கழுவினேன்?

நான் முகத்தை அனுப்பினேன். அவன் பதில் போடாதபோது வெட்கப்பட்டது நான். இவன் முகத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை அனுப்பியிருக்கிறான், வெட்கத்தை எனக்குப் பார்சல் கட்டி. இல்லை, இது அதே தவிப்பு இல்லை.

27.10.2007

இரண்டே சொல் எழுதி அனுப்பினேன்: 'ஏன் அனுப்பினீர்கள்?'

28.10.2007, ஞாயிறு

நாலு பக்கம் பதில்! கடையின் வழக்கப்படி பெஞ்சுக்குச் சத்தமாகப் படித்துவிட்டேன். படிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. 'அதுல என்ன எழுதியிருக்கான், படி படி' என்று ஏழு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

நீங்க அன்பா பேசினீங்க. என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்ல. வேலை செய்யிற இடத்தில எனக்கு மரியாதை இல்ல. பார்த்தா உங்களுக்கும் ஆசை வரும்னு நெனச்சேன். எனக்கு அப்படி யாராவது அனுப்பினா நான் சந்தோசப்படுவேன்.

படிக்கப் படிக்க எனக்குப் பாவமாகிவிட்டது. 'பரவாயில்லை' என்று பாதி அடித்தும்விட்டேன். அப்போது இராக்கம்மா பெரியம்மா கேட்டாள்:

"நாலு பக்கத்துல ஒன்னயப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

திரும்பப் பார்த்தேன். எண்ணினேன். 'நான்', 'எனக்கு', 'என்னை' எல்லாம் சேர்ந்து முப்பத்தொன்று. 'நீங்க' இரண்டு. அந்தப் படத்தைத் திறந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று நாலு பக்கத்தில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அவனுக்கு நான் ஒரு ஆள் இல்லை. அவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி தேடியிருக்கிறான், கண்ணாடியிடம் யார் கேட்டுவிட்டு முன்னால் நிற்கிறார்கள்? பாதி அடித்த 'பரவாயில்லை'யை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

"கடைக்குத்தான வந்துச்சு அந்தப் படம்? பிரின்ட் எடுத்துட்டு வாங்க வராதவங்களுக்கு ஒரு காயிதம் அனுப்புவீங்களே. அதையே அனுப்பி விடு" என்றாள் பெரியம்மா.

எங்கள் நிலையத்தின் வழக்கமான அறிவித்தல் அது. நான்தான் அடித்தது: 'தங்களுக்குரிய பிரதி உறையிலிடப்பட்டு எமது நிலையத்தில் உள்ளது. ஞாயிறு காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் அடையாள அட்டையுடன் உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும். ஏழு நாட்களுக்குள் பெறப்படாதவை அறிவிப்புப் பலகையில் இடப்படும்.'

பெஞ்சு மறுபடியும் ஆடியது. எனக்குத்தான் அனுப்பத் தைரியம் வரவில்லை.

30.10.2007

விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் யாரோ, "ஒம் மக வேல செய்யிற கடையில அசிங்கப் படம் ஓடுதாமே" என்றிருக்கிறான். வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "நாளையில இருந்து போக வேணாம்."

வேற ஒண்ணும் கேக்கல. என்னா நடந்துச்சுன்னுகூடக் கேக்கல! எந்த நாயோ எதையோ அனுப்பினதுக்கு நான் வீட்டுல இருக்கணுமா? ஆறு வருசம். ஆறு வருசம் மழையில வெயில்ல போயி வந்தது இதுக்கா?

31.10.2007

போகவில்லை. காலை பஸ் போகிற சத்தத்தைப் படுக்கையில் இருந்தே கேட்டேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது முன்னால் போய் உட்கார்ந்து, முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். மஞ்சள் சுவரில் தொடங்கி முப்பத்தொன்று வரை. அப்பாவிடம் இப்படிப்பட்ட பேச்சு பேசுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், அவர் எழுந்து போய்விடாதபடி.

கடைசியில், "ஆளு யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாது. முகத்த மறைச்சிருக்கான்."

"ம்."

"முகத்த மறைக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குப்பா. அப்ப அந்த வெக்கம் யாருதுன்னு அவனுக்கே தெரியும். நீங்க எதுக்கு அதத் தூக்கி என் தலையில வைக்கிறீங்க?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவினார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே கால் வைக்கும்போது சொன்னார்: "காலையில மொத பஸ்ஸா, ரெண்டாவதா?"

முதல் பஸ்! முதல் பஸ்தான்!

1.11.2007

கடைக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் அறிவித்தலை நீலமலைக்கு அனுப்பினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஸல்மா நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

2.11.2007

காலைக்குள் ஐந்து பதில். 'அழிச்சிருங்க.' 'விளையாட்டுக்கு அனுப்பினது.' 'அது நான் இல்ல, இன்டர்நெட்ல எடுத்தது.' 'பலகையில போடாதீங்க, உங்க கால்ல விழுறேன்.' ஐந்தாவது: 'எத்தனை மணிக்கு ஆள் குறைவா இருக்கும்?'

முப்பத்தொரு 'நான்' எழுதியவனுக்கு இப்போதுதான் நாங்கள் இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது.

படம் இல்லை, அன்றைக்கே அழித்தாயிற்று. இருந்தாலும் பலகையில் போட்டிருக்க மாட்டேன். ஒருவன் கேட்காமல் காட்டினான் என்பதற்காக நானும் அவனைக் கேட்காமல் ஊருக்குக் காட்டினால், அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் உறைக்குள் ஏதாவது இருக்க வேண்டுமே. வாழ்க்கையில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான், விண்ணப்ப ஃபோம் அடிப்பது. அடித்தேன்.

4.11.2007, ஞாயிறு

ஆற அமர எழுதுகிறேன். ஒன்றும் விடக்கூடாது.

காலையிலிருந்து மழை. பெஞ்சில் இடமில்லை. ஏழு பேர் பதினொரு பேராகி, நாலு பேர் சுவரோடு நின்றார்கள். பதினொன்று இருபதுக்குக் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். துஷாந்த், எங்கள் தோட்டத்துப் புதுக் கணக்கப்பிள்ளை. தினமும் விடியக் காலையில் பெரட்டில் நின்று இதே பெண்களின் பெயரைக் கூப்பிட்டுப் பதிகிறவர். அப்பா புகழ்ந்த அதே குனிந்த தலை. பெஞ்சைப் பார்த்ததும் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒரு கவர் இருக்காமே. கூட்டாளி ஒருத்தர் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

ஸல்மா நிமிரவே இல்லை. "கூட்டாளிக்குக் குடுக்க ஏலாது. உரியவர்தான் வரணும். கூட்டாளிட பேரென்ன?"

பதினொரு பேரும் மூச்சு விடாமல் அவரையே பார்க்கிறார்கள். என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று எழுதினாரே, ஆசை தீரப் பார்த்தார்கள்.

அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பொலிஸ் சோதனையில் எடுத்து வைக்கிற மாதிரியே.

எனக்குக் கடையில் எல்லாரிடமும் பேசுகிற குரல்தான் வந்தது. "முதல்ல இத நெரப்பிக் குடுங்க" என்று உறையிலிருந்து ஃபோமை எடுத்து நீட்டினேன்.

முழுப்பெயர். அனுப்பிய பொருள். பெறுநர் அதைக் கேட்டிருந்தாரா? இல்லையெனில், அனுப்புமுன் அவருடைய சம்மதம் கேட்கப்பட்டதா? கேட்கப்படவில்லையெனில் காரணம், இரண்டு வரிக்குள். கையொப்பம்.

பெயர் எழுதினார். பொருளுக்கு நேரே 'படம்' என்று எழுதினார். கேட்டிருந்தாரா என்பதற்கு 'இல்லை' என்று எழுதினார், சம்மதத்துக்கும் 'இல்லை'. காரணத்தில் பேனா நின்றுவிட்டது. வெளியே பதுளை பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பேனா நகரவில்லை. 'மன்னிக்கவும்' என்று எழுதுவார் என்றுதான் நினைத்தேன். அல்லது அந்த நாலு பக்கத்தையும் சுருக்கி எழுதுவார் என்று. ஒரு வழியாக எழுதிக் கையெழுத்தும் போட்டு என் பக்கம் தள்ளினார்.

'கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள்.'

இரண்டு தடவை படித்தேன். இவ்வளவுதானா? இரண்டு வாரமாக நான் தூண்டில், பஸ், பேனா நண்பன் என்று எங்கெல்லாமோ தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரியையா? அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். எனக்கும் ஆசை வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று நன்றாகத் தெரிந்துதான், சொல்ல எனக்கு ஒரு இடம் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார். என் இரண்டு சிரிப்பு முகங்களுக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. தோளில் இருந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"படத்த அன்னைக்கே அழிச்சிட்டோம். கவருக்குள்ள வச்சிருந்தது இந்த ஃபோமத்தான். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப இதக் குடுத்துருங்க."

"இது கடைக் கோப்பு. இங்கதான் இருக்கும். இன்னொரு பொம்பளைக்கு இப்படி ஒண்ணு போச்சுன்னு தெரிஞ்சா, அன்னைக்கு இது துரைகிட்டப் போகும்."

தலையை ஆட்டினார். வாசலுக்குப் போனவரைப் பெரியம்மா மிகுந்த மரியாதையோடு கூப்பிட்டாள்: "கணக்கப்புள்ள ஐயா, கொடைய மறந்துட்டுப் போறீங்க. நனைஞ்சிருவீங்க. ஏற்கனவே ஒருக்கா குளிருல நின்னீங்க."

அலவி நானா பின்னறைக்குள் ஓடினார். சிரிப்பை அடக்கத்தான். சத்தம் வெளியே நன்றாகக் கேட்டது.

5.11.2007

பெரட்டில் நடந்ததை அம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்.

துஷாந்த் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டிருக்கிறார். "இராக்கம்மா." "இருக்கேங்க. அடையாள அட்டையும் இருக்குங்க." அடுத்தவளும் அதையே சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்தவளும். நாற்பது பேரும், ஒருத்தி விடாமல், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். கடைசியில் என் அம்மா.

சாயங்காலம் அப்பா கேட்டார்: "அவனேதானா?"

"ஆமாப்பா."

"ரெண்டு போடணும்னுதான் கிட்டப் போனேன். நாப்பது பேரும் சொல்லி முடிச்சாங்க. அதுக்குமேல நான் அடிக்க அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

8.11.2007, தீபாவளி

பலகாரம் சுட்டதில் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. ஸல்மா வந்து முறுக்கில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை 'நானாவுக்கு' என்று கட்டிக்கொண்டு போனாள். ஜெயலெட்சுமியின் படமும் ஒரு வழியாக வந்துவிட்டது. நீலக் கவுன். பெரியம்மா மூன்று பிரதி கேட்டிருக்கிறாள்.

29.11.2007

துஷாந்த் தானாகவே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போகிறாராம். இன்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கிட்டே வந்து நின்று, தலையை நிமிர்த்தி, என் கண்ணைப் பார்த்து, "மன்னிச்சிருங்க" என்றார்.

"சரி" என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

1.1.2008

அலவி நானா சாவியைக் கையில் தந்தார். "ஆம்பிளப் புள்ள கதைய மறந்துரு. நான் ஒண்ணும் சொல்லல்ல" என்றார். சொன்னாரே! என்றாலும் மறந்துவிடுகிறேன். புது வருடம்.

6.1.2008, ஞாயிறு

காலையில் நூருல் இனாயா டீச்சர் பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க வந்தார். கொப்பி எடுத்த பிறகும் போகவில்லை. பெஞ்சில் ஆள் குறைந்ததும் மெதுவாக, "அந்த ஃபோம் ஒண்டு கிடைக்குமா? எனக்கில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு" என்றார்.

ஸல்மா மெஷினைப் போட்டாள். "இங்க வார ஒருத்தரும் தனக்குன்னு கேட்டதில்ல டீச்சர். எத்தன வேணும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். இந்த வாரத்தில் அவர் ஒன்பதாவது ஆள். யாரிடமும் நாங்கள் பெயர் கேட்பதில்லை.

பத்து மணிக்கு அப்பா வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. சந்தைக்கு வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு யார் சந்தைக்கு வருகிறார்கள்? பெஞ்சில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த ஃபோம் ஒன்றை எடுத்து, எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை படித்தார். அடியில் விரலை வைத்தார். 'பொறுப்பாளர்: ரெ. விஜயலெட்சுமி.'

"இந்த 'ரெ' என்னா?"

"உங்க பேருதாம்பா."

"ஒத்த எழுத்துல போட்டிருக்க. முழுசா அடி."

அடித்தேன். ரெங்கசாமி விஜயலெட்சுமி. ஒரு வரியில் கொள்ளவில்லை. எழுத்தைச் சின்னதாக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ரெண்டு வரியில போடு என்றார்.